குருவிப் பெட்டியும் குளக்கரையும்: கேட்டவர்களுக்குப் பதில்

மாதவரம் பக்கம் எங்கள் குளக்கரையைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் சிலர் சிட்டுக்குருவிப் பெட்டியும் செய்து தருகிறோம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொளத்தூரிலிருந்து: ஆசாரியிடம் என்ன அளவு சொல்லணும் சார்?

அடிப்பலகை 6க்கு 6 அங்குலம், உயரம் 9 அல்லது 10. ஓட்டை ஒன்றேகால் அங்குலம்தான், 2 அங்குலம் விட்டால் மைனா பிடித்துக்கொள்ளும். ஓட்டை அடியிலிருந்து 6 அங்குலம் மேலே இருக்கட்டும், அப்போதுதான் காக்காவின் மூக்கு குஞ்சுக்கு எட்டாது. முக்கால் அங்குலப் பலகை சூடு தாங்கும். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் கூடவே கூடாது. அடியில் நீர் வடியச் சின்னத் துளைகள், மேலே காற்றுக்கு இரண்டு, குஞ்சு பறந்தபின் பழைய வைக்கோலை எடுக்க ஒரு பக்கம் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டைக்குக் கீழே குச்சி வேண்டாம். குருவி சொரசொரப்பான பலகையைப் பிடித்தே ஏறிவிடும், குச்சி காக்கா உட்காரத்தான் உதவும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மாட்டலாமா அண்ணே?

வேண்டாம்கா. மே மாத வெயிலில் அந்த ஷீட்டுக்கு அடியில் குஞ்சு வெந்துவிடும். சந்துப் பக்கம் நிழல் விழும் சுவரில், கிழக்கோ வடக்கோ பார்த்து, 8 முதல் 10 அடி உயரத்தில் மாட்டுங்கள். ஃபேன் ஓடும் அறையின் ஜன்னலையொட்டி மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து: போன வருஷமே மாட்டினேன், குருவி வரலை. அரிசி போட்டால் புறாதான் வருது.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் தம்பி. பெட்டி வெறும் வீடுதான், சாப்பாடு வெளியே இருக்கணும். பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் வேணும். இரண்டு வாரம் தாயும் தகப்பனும் மாறி மாறி வாய் நிறைய பச்சைப்புழு கொண்டுவந்து திணிக்கும். வாசல் முழுக்க சிமெண்ட் போட்டு, இருந்த நாலு செடிக்கும் மருந்தடித்துவிட்டால் அந்தப் புழு எங்கிருந்து வரும்? ஒரு மருதாணியோ செம்பருத்தியோ அடர்த்தியாக வளரட்டும், மருந்து வேண்டாம். கையகல இடமாவது மண்ணாக விடுங்கள், குருவி புழுதியில் புரண்டுதான் பேன் உதறும். அகலமான தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். அரிசியைக் குறைத்தால் புறாவும் குறையும்.

பெரம்பூரிலிருந்து: குருவி அழிஞ்சது செல்போன் டவரால்தானே?

அதற்கு உறுதியான சான்று இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020 அறிக்கை நாட்டளவில் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றும், சென்னை போன்ற பெருநகரங்களில் குறைகிறது என்றும் சொல்கிறது. மேலே சொன்ன புழுக் கதையைப் படியுங்கள்.

எருக்கஞ்சேரியிலிருந்து: குளக்கரை வேலிகாத்தானை, அதான் சீமைக்கருவேலத்தை, எப்போ எடுப்பீங்க? ஜேசிபி விட்டால் ஒரே நாள் வேலை.

இதற்குள் திருவொற்றியூர் டீச்சர் குறுக்கிட்டு, அதில்தான் கொக்கு கூடு கட்டுது, கையே வைக்காதீங்க என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சீமைக்கருவேலம் வெளிநாட்டிலிருந்து வந்த மரம், தன்னடியில் வேறு செடியை எழ விடாது. ஆனால் இன்றைக்குக் கரையில் முள்ளோடு அடர்ந்து நிற்பது அது ஒன்றுதான், பூனையும் ஆளும் ஏற முடியாத இடம் கொக்குக்கு வேறு ஏது? அதனால் கரையை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கு எடுப்போம். எடுக்குமுன் ஒவ்வொரு மரமாகக் கூடு பார்க்கணும். மழைக்காலம் தொடங்கி மாசி வரை நீர்ப்பறவை கூட்டில் இருக்கும், அப்போது தொடவே கூடாது. எடுத்த இடத்தில் முதல் மழைக்கே புங்கன், பூவரசு, நாவல் நட்டுவிடணும்.

மறுபடியும் எருக்கஞ்சேரி: பாதி விட்டால் திரும்பப் பரவிடுமே?

பரவும்தான். முழுசாக எடுத்தாலும் பரவும், ஏனென்றால் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும், காயைத் தின்ற ஆடுமாடு சாணத்தில் புதுசாகவும் கொண்டுவந்து போடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும், வேரோடு பிடுங்கணும். ஜேசிபி போன பிறகு முளைக்கிற கன்றை ஞாயிற்றுக்கிழமை வந்து கையால் பிடுங்க ஆள் வேணும் சார், நீங்கள் வருவீர்களா? டீச்சரும் வரட்டும், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று காட்ட அவரைவிட நல்ல ஆள் இல்லை. அப்புறம், மாநகராட்சியின் மாதவரம் மண்டல அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் யாரும் மண்வெட்டி தூக்க வேண்டாம்.

புளியந்தோப்பிலிருந்து: பெட்டி அளவு?

முதல் பதிலில் இருக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து: குச்சி வைத்த பெட்டி வாங்கிட்டேனே?

குச்சியைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள்.

ராயபுரத்திலிருந்து: அந்தப் பெட்டியில் கிளி வளர்க்கலாமா?

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வைத்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மணலியிலிருந்து: குஞ்சு கீழே விழுந்திருக்கு, தொட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும், தயங்காமல் எடுங்கள். இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தாவுகிறதென்றால் பறக்கப் பழகுகிறது, பூனை எட்டாத செடியில் விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.