முதல் தட்டு மண்ணில், மற்ற இரண்டும் காற்றில்: வாசகர் கேள்வி–பதில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பள்ளி விழா, சங்க விழாக்களுக்கு வால்ட்ஸ் இசையோடு (மூன்று மூன்று தட்டாக நடக்கும் ஐரோப்பிய நடன இசை) தேவதைக் கதை போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. எந்தக் கதை, எந்த இசை பிள்ளைகளுக்குச் சரிப்படும்? – இசை ஆசிரியை, குன்னூர்

கதையை எழுதி முடித்துவிட்டு இசை தேடினால் திண்டாட்டம்தான். வால்ட்ஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கதையை எடுங்கள். எங்கள் முதல் தேர்வு சாய்கோவ்ஸ்கியின் ‘உறங்கும் அழகி’. 1890-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் அரங்கேறிய பாலே அது. இளவரசியின் பிறந்தநாளுக்கு ஊரார் பூவளையம் ஏந்தி ஆடும் வால்ட்ஸ் முதல் அங்கத்திலேயே வந்துவிடுகிறது, நீளமும் ஐந்து நிமிடத்தை ஒட்டித்தான். அந்தக் கொண்டாட்டத்தின் சூடு ஆறுமுன் நூற்கும் கதிர் இளவரசியின் விரலில் குத்த, சாபப்படி அவள் நூறாண்டு உறக்கத்தில் விழுகிறாள். நாடகத்துக்கு இதைவிட நல்ல திருப்பம் கிடைக்காது. வளையத்துக்கு அரை அங்குல பிளாஸ்டிக் குழாயை ஐந்தடிக்கு வெட்டி, காகிதப் பூ சுற்றினால் போதும். நிஜப் பூ கட்டினால் பாரத்தில் வளைவு நடுவில் தொங்கிவிடும்.

நிறையப் பிள்ளைகள் பாடுவார்கள் என்றால் 1892-ன் ‘நட்கிராக்கர்’ எடுக்கலாம். முதல் அங்கத்தை முடிக்கும் பனித்துகள் வால்ட்ஸில் ஒரு சேர்ந்திசை உண்டு. அதற்குச் சொல்லே கிடையாது, ‘ஆ’காரம் மட்டும்தான், எனவே மொழி தடையில்லை. அதே பாலேயின் ‘பூக்களின் வால்ட்ஸ்’ புகழ்பெற்றதுதான், ஆனால் முன்னுரையில் ஹார்ப் (பெரிய யாழ் போன்ற வாத்தியம்) தனியாக வாசிக்கிறது, பிறகு மெட்டு கொம்பு வாத்தியங்களுக்குப் போகிறது. அதைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடுங்கள், நேரடியாக வாசிக்க முயல வேண்டாம். புரோகோஃபீவின் ‘சிண்ட்ரெல்லா’ (1945) கேட்க அருமை, பிள்ளைகள் கைக்குக் கடினம்.

யோஹான் ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ (1867) கதையில்லாத இசை. திரை விலகுமுன் வாசிக்கலாம். முழுதாகப் பத்து நிமிடம் ஆகும். உள்ளே ஐந்து சிறு வால்ட்ஸ்கள் இருக்கின்றன. முன்னுரையும் முதல் வால்ட்ஸும் முடிப்பும் சேர்த்தாலே நிறைவாக இருக்கும்.

மாலை 5 மணிக்குத் தொடங்கி 6.30-க்குள் முடியுங்கள். ஹட்டிகளுக்கு (படகர் ஊர்களுக்கு) போகும் பேருந்தை நினைத்துக் கடைசிக் காட்சியில் பெற்றோர் எழுந்தால் மேடையிலிருக்கும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் கர்நாடக வயலின் கற்றவர்கள். வால்ட்ஸ் வாசித்தால் அணிவகுப்பு மாதிரி கனமாக ஒலிக்கிறது. எங்கே பிழை? – வாசகர், கோத்தகிரி

மூன்று தட்டையும் ஒரே எடையில் வாசிப்பதுதான் பிழை. திஸ்ரம், அதாவது மூன்றாக எண்ணும் கணக்கு, அவர்களுக்குப் புதிதல்ல. மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்யங்களில் ஒன்றான ‘சக்தி ஸஹித கணபதிம்’ பாடத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. வித்தியாசம் அழுத்தத்தில்தான். வால்ட்ஸில் முதல் தட்டு மட்டுமே மண்ணில் விழும். இரண்டும் மூன்றும் அதிலிருந்து துள்ளி எழுந்தவை.

வாத்தியங்களை இரண்டு கோஷ்டியாகப் பிரியுங்கள். செல்லோவோ கீபோர்டின் கீழ்ஸ்வரமோ முதல் தட்டை மட்டும் வாசிக்கட்டும். இரண்டாம் வயலின்கள் முதல் தட்டில் சும்மா இருந்து, இரண்டையும் மூன்றையும் வில்லின் நடுப்பகுதியில் இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் தொட்டு எடுக்கட்டும். வில்லைக் கம்பியில் அழுத்தி இழுத்தால் மறுபடி அணிவகுப்பாகிவிடும். வியன்னாக்காரர்கள் இரண்டாவது தட்டைக் கொஞ்சம் முந்தி வாசிப்பார்கள். அழகான வழக்கம்தான், ஆனால் அதைப் பின்பற்றப் பார்த்தால் பிள்ளைகளின் காலப்பிரமாணம் சிதறும். நேராகவே வாசிக்கட்டும். நிமிடத்துக்கு 100 தட்டில் தொடங்கி, பிசகாமல் மூன்று முறை வந்தபின் 120, அப்புறம் 135.

இன்னொன்று, இதைக் கடைசி நாள் வரை யாரும் கவனிப்பதில்லை. கர்நாடக வயலினின் ச-ப-ச-ப சுருதியிலிருந்து மேற்கத்திய சுருதிக்கு (G-D-A-E) மாற்றும்போது கம்பி அறுகிறது. 5 கட்டைச் சுருதியில் (ஆதார ஸட்ஜம் G) வாசிக்கும் பிள்ளைக்குக் கவலையில்லை. கீழ்க் கம்பிகள் இரண்டும் அப்படியே இருக்கும், மேல் இரண்டை மட்டும் இரண்டு ஸ்வரஸ்தானம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஒரு ஸ்வரஸ்தானம்) ஏற்றினால் சரி. இரண்டரைக் கட்டை (D#) என்றால் கீழ்க் கம்பிகளை நான்கும் மேல் கம்பிகளை ஆறும் ஏற்ற வேண்டும். பழைய கம்பி இதைத் தாங்காது. ஒரு வாரம் முன்பே புதுக் கம்பி போட்டு, தினம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் குதிரையை (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை) பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கம்பி முறுக்க முறுக்க அது விரற்பலகைப் பக்கம் சாயும். சாய்ந்ததை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தாவிட்டால் கச்சேரி நடுவில் ‘பட்’டென்று விழும்.

கேள்வி: ஒத்திகையில் சேர்ந்த சுருதி, நிகழ்ச்சியன்று பிரிந்துவிடுகிறது. கோவையிலிருந்து வாத்தியங்கள் வருகின்றன. – சங்கச் செயலாளர், உதகை

உதகை 2,240 மீட்டர் உயரம். கோவை வெயிலில் ஏற்றிய பெட்டியை இங்கே இறக்கிய உடனே திறந்தால், குளிரும் ஈரமும் மரத்தை ஒரே நேரத்தில் தாக்கும். அரங்குக்குள் வைத்து ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

உலோகக் கம்பி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். புல்லாங்குழலுக்கு நேர்மாறு. உள்ளிருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போனால் காது கூசத்தானே செய்யும்! எனவே விளக்குகளைப் போட்டு கால் மணி நேரம் கழித்து, குழலைப் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி சேருங்கள். மூங்கில் குழலைத் திருத்த முடியாது. மின்கீபோர்டில் சுருதியை இம்மியளவு நகர்த்தும் வசதி உண்டு, அதுதான் குழலுக்கு இணங்கிப் போக வேண்டும். மரப்பியானோ இருந்தால் எல்லோரும் அதற்கே இணங்க வேண்டியதுதான். அதை இடம் மாற்றினால், மாற்றிய அன்றே சுருதி கூட்டாதீர்கள். ஒலிப்பலகை புது இடத்தின் ஈரத்துக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும்.

மழை மாதங்களில் வயலின் பிரடை (கம்பியை முறுக்கும் மர முளை) ஊதி இறுகும், ஜனவரியின் வறண்ட குளிரில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் பிரடையைக் கழற்றிச் சாக்குக்கட்டி தடவி, உள்நோக்கி அழுத்தியபடியே திருப்புங்கள். பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஆடும் ஜோடிகள் மோதிக்கொள்கிறார்கள். – நடன ஆசிரியர், கொடைக்கானல்

பெரும்பாலும் மூன்றாவது தட்டில்தான் கோளாறு. பையனுக்கு: இடது கால் முன்னே, வலது கால் பக்கத்தில், இடது கால் சேர், பிறகு வலது கால் பின்னே, இடது கால் பக்கத்தில், வலது கால் சேர். பெண்ணுக்கு இதன் எதிர். சேர்க்கும்போது அந்தக் காலின் மேல் உடம்புப் பாரம் மாறியாக வேண்டும். மாறாவிட்டால் அடுத்த அடிக்குத் தப்பான கால் எழும், ஜோடி நின்றுவிடும், பின்னால் வருபவர்கள் வந்து இடிப்பார்கள். இசையில்லாமல், சேர்த்தபின் மறு காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பழக்குங்கள். 24-க்கு 18 அடி மேடையில் ஆறு ஜோடிக்கு மேல் வேண்டாம். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலேயே சுற்றி வரட்டும். ரப்பர் அடி வைத்த ஷூ தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை முறுக்கும், தோல் அடி நல்லது.

கேள்வி: நூறாண்டு உறக்கக் காட்சிக்கு உலர்பனிக்கட்டிப் புகை விடலாமா? – பெற்றோர், உதகை

இந்தக் காட்சிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையோடு வருவது கார்பன்–டை–ஆக்சைடு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு படியும். அரண்மனையே உறங்கும் காட்சியில் பிள்ளைகள் படுத்திருப்பதும் தரையில்தானே! கட்டியைக் கண்ணாடி ஏற்றிய காரில் மலை ஏற்றுவதும் அதே ஆபத்து. இறுக மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும்.

அதற்குப் பதில் பருத்திக் கொசுவலை போதும். மேடையின் முழு அகலத்துக்குத் தைத்து, அடியில் மூங்கில் கழி கோத்து இழுத்துக் கட்டுங்கள். வெள்ளை வலை கண்ணைப் பறிக்கும். கடுந்தேயிலை டிகாக்‌ஷனில் ஓர் இரவு ஊறவைத்தால் மங்கிய பழுப்பு ஏறும். அதன்மேல் முட்புதர்க் காடு தீட்டுங்கள். முன்விளக்கு பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ சரிவாக விழுந்தால் வலை சுவர் போல மூடி நிற்கும். முன்னதைக் குறைத்து, பின்விளக்கை மெல்ல ஏற்றினால் காடு கரைந்து அரண்மனை தெரியும். நேர் எதிரிலிருந்து விளக்கடித்தால் ஒளி வலையைத் துளைத்துப் போய், உறங்க வேண்டியவர்கள் மூக்கைச் சொறிவது முதல் வரிசைக்குத் தெரிந்துவிடும். வலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நான்கடி விடுங்கள், இந்த மாற்றத்தை ஒரு வால்ட்ஸின் கடைசி 16 தாளவட்டங்களுக்குள் முடியுங்கள்.

கேள்வி: எப்போது கைதட்டுவது? – வாசகி, கூடலூர்

பாலேயில் ஒவ்வொரு நடனம் முடிந்ததும் தட்டலாம். ‘நீல டான்யூப்’ மட்டும் ஏமாற்றும். உள்ளே ஒவ்வொரு சிறு வால்ட்ஸும் முடிவது போலவே முடியும். வாசிப்பவர் வில்லைக் கீழே இறக்கும் வரை பொறுங்கள்.