மனச்சோர்வும் போதையும் சேர்ந்து வரும்போது: பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் கேட்டவை

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். அதிகம் பார்ப்பது 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளை. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, பேச்சுவழிச் சிகிச்சையும் குடும்பத்தோடு பேசுவதும் என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

மகன் பிளஸ் ஒன். கஞ்சா பிடிக்கிறான், யாரோடும் பேசுவதில்லை, மனச்சோர்வும் இருக்கிறது என்கிறார்கள். "முதலில் கஞ்சாவை விடட்டும், அப்புறம் மனச்சோர்வைப் பார்க்கலாம்" என்று ஒரு இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எது முதலில் மேடம்?

இரண்டும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே இடத்தில். "முதலில் விட்டுவிட்டு வா" என்பது பழைய வழக்கம். இன்னும் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. போதைப் பிரிவு மனநலப் பிரிவுக்குக் கைகாட்டும், அவர்கள் திருப்பி அனுப்புவார்கள், நடுவில் பையன் வருவதையே நிறுத்திவிடுவான்.

காரணம் எளிது. இரவில் தூக்கமில்லை, மனசு பாரமாக இருக்கிறது, ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டு மணி நேரம் அது தெரிவதில்லை. அந்தப் பாரத்துக்கு வேறு எதுவும் தராமல் இழுப்பதை மட்டும் விடச் சொன்னால் எத்தனை நாள் தாங்குவான்? அதே நேரம் கஞ்சா தொடர்ந்தால் தூக்கமும் படிப்பும் இன்னும் கெட்டு, மனச்சோர்வு கூடும்.

2007-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மனச்சோர்வும் போதைப் பழக்கமும் நடத்தைக் கோளாறும் சேர்ந்திருந்த 126 இளம் பிள்ளைகளுக்கு 16 வாரம் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை (பேச்சுவழிச் சிகிச்சையில் ஒரு வகை) கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அதோடு ஃப்ளுஆக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. போதையை விட்டால்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனை இல்லை. இரு பக்கமும் முன்னேற்றம் இருந்தது, மனச்சோர்வு குறைந்ததில் மருந்துக்குக் கூடுதல் பங்கு தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: மனச்சோர்வு தெளிந்த பிள்ளைகளிடம், மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், போதையும் குறைந்திருந்தது. ஆனால் மாத்திரை மட்டும் தனியாகப் போதையைக் குறைத்துவிடவில்லை. அதனால்தான் பேச்சுச் சிகிச்சையை விடாதீர்கள் என்று ஓயாமல் சொல்கிறோம்.

இது மனச்சோர்வா, போதையால் வந்த மந்தமா என்று எப்படிப் பிரிப்பது? என் பையன் சோகமாகவே இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். (ஒரு தந்தை)

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேலாக எரிச்சல், பிடித்த கிரிக்கெட்டையே தொடாமல் இருப்பது, தூக்கமும் பசியும் மாறுவது, மார்க் சரிவது இதெல்லாம் சேர்ந்தால் "திமிர்" என்று ஒதுக்காதீர்கள்.

முதல் நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், நான் அவனைக் கேட்டதற்கெல்லாம் அம்மா பதில் சொல்வார். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நீளக் கோடு போடுவேன். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது என்று வகுப்பைக் குறிப்போம். மனசு சரியில்லாத காலம் நீல மையில், போதை சிவப்பு மையில். வருஷம் கேட்டால் "தெரியல" என்பார்கள், "அப்போ கிளாஸ் டீச்சர் யாரு?" என்றால் உடனே ஞாபகம் வரும். நீலம் எட்டாவதில் தொடங்கி, சிவப்பு பத்தாவதில் வந்திருந்தால் மனச்சோர்வு முன்பே இருந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். சிவப்பு முதலில் வந்திருந்தால், பழக்கத்தை நிறுத்தி நாலு வாரம் போலப் பார்த்தால் மனநிலை தானாகத் தேறுகிறதா என்று தெரியும். அந்த நாலு வாரமும் பேச்சுச் சிகிச்சை நடக்கும், சும்மா காத்திருப்பதில்லை. சாகும் எண்ணம் இருந்தாலோ குடும்பத்தில் ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தாலோ அவ்வளவு நாள் பொறுக்கவும் மாட்டோம்.

கஞ்சாவை நிறுத்திய முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, கெட்ட கனவு, பசியின்மை எல்லாம் உச்சத்தில் இருக்கும். "விட்டதும் இன்னும் மோசமாயிட்டான்" என்று பயப்படுவது அந்த வாரத்தில்தான். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தணியும்.

மகளுக்கு ஃப்ளுஆக்ஸிடின் எழுதியிருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் வரும் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. மாத்திரையே இன்னொரு போதையாகிவிடாதா?

போதையாகாது. அதில் கிக் கிடையாது, டோஸ் ஏற்றிக்கொண்டே போகும் ஏக்கமும் வராது. வேலை செய்யவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

எச்சரிக்கை உண்மைதான். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பெட்டி போட்டு அச்சிட வைத்தது. 24 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்தச் சோதனைகளில் யாரும் இறக்கவில்லை. அதே வருடம் 439 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவும் வந்தது: மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தபோது 71 சதவீதம் பேர் தேறினார்கள், மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சு மட்டும் என்றால் 43, வெற்று மாத்திரையில் 35. போதைப் பழக்கம் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள், முதல் சில வாரம் கண்ணை எடுக்காதீர்கள். இருப்புக்கொள்ளாத தவிப்பு, திடீர்க் கோபம், தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவக் கோளாறு (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) இருந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பட்டையை நீங்கள் வைத்துக்கொண்டு தினம் ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறான். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

கேட்பதால் எண்ணம் வராது. "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் இன்றே அப்புறப்படுத்துங்கள். போதையில் இருக்கும்போது தயக்கம் போய்விடும், அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். தனியாக விடாதீர்கள். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எப்போதும் தமிழில் பேசும். எப்படிச் செய்வது என்றே யோசித்து வைத்திருக்கிறான் என்றால் போனோடு நிற்காமல், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 2017 மனநலச் சட்டத்துக்குப் பிறகு, முயற்சி செய்தவரைத் தண்டிப்பதில்லை. கேஸ் ஆகிவிடும் என்று மறைக்க வேண்டாம்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று பவுடர் விற்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லையென்றால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கோயிலில் கயிறு கட்டுவதை நான் தடுப்பதில்லை, கயிறு கட்டிக்கொண்டே ஓ.பி.க்கும் வாருங்கள்.

அக்கா, எனக்கு 17. வீட்ல சொல்லாம டாக்டர பாக்கலாமா? போலீஸ்ல சொல்லிடுவாங்களா?

தம்பி, நீ கேட்டதே நல்லது. போலீசுக்குச் சொல்வது எங்கள் வேலை இல்லை. சிகிச்சைக்குத் தானாக வருகிறவரை வழக்கிலிருந்து காக்க 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் பேச 14416, போதைக்கென்றே 14446, இரண்டும் இலவசம். 18 வயசு ஆகாததால் மருந்து தொடங்க வீட்டுப் பெரியவர் ஒருவர் வேண்டும். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டுமா, யாரிடம் முதலில் சொல்லலாம் என்பதை நாங்களே உன்னோடு உட்கார்ந்து முடிவு செய்வோம். நீ தனியாகச் சொல்வதை அப்படியே வீட்டில் ஒப்பிக்க மாட்டோம். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வோம், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் பையில் கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலை) இருந்தது. டி.சி. கொடுத்துவிடலாம் என்கிறார்கள். (ஆசிரியர்)

டி.சி. கொடுத்தால் பள்ளிக்கு நிம்மதி, அவ்வளவுதான். பையன் அதே கடை வாசலில் நாள் முழுக்க நிற்பான். 2015 சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். பையனைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று கேளுங்கள்: மனசு இறுக்கமாக இருக்கும்போது போடுகிறாயா, தனியாக இருக்கும்போது போடுகிறாயா, வீட்டில் யாராவது விடச் சொன்னார்களா? முதல் இரண்டுக்கும் ஆமாம் வந்தால் இது சேட்டை இல்லை. போன வருட மார்க்கையும் வருகைப் பதிவையும் எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு அந்த இரண்டு தாளும் பெரிய உதவி.

தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். தூக்க மாத்திரையும் உண்டு. அறையில் பூட்டி வைத்து நாங்களே நிறுத்திவிடலாமா?

கூடாது. நைட்ரஸிபாம் போன்ற தூக்க மாத்திரையைத் தினமும் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். தினமும் நிறையக் குடிப்பவருக்கும் அப்படித்தான். மருத்துவமனையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டபென்டடால் போன்ற வலி மாத்திரையில் வேறு ஆபத்து. சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுவிடலாம். பூட்டி வைத்துத் திறந்துவிட்டபின் நடக்கும் சாவுகள் இப்படித்தான். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் டிரமடால், டபென்டடாலோடு சேரும்போது நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரக்கூடும். டிரமடாலோடு வலிப்பும் வரலாம். எதை எவ்வளவு எடுத்தான் என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஊசி என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் வேண்டும்.

வீட்டிலேயே சிறுநீர் கிட் வைத்துச் சோதிக்கலாமா?

ரகசியமாக வேண்டாம். நிறையப் பிடித்தவனுக்கு கஞ்சா நிறுத்தி வாரக்கணக்கானாலும் பாசிட்டிவ் காட்டும், உண்மையாகவே விட்டவனைப் பொய்யன் ஆக்கிவிடுவீர்கள். வழக்கமான கிட்டில் டபென்டடால் தெரியவும் தெரியாது.

மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் விடச் சொல்கிறார்கள். வயது 16.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளிநோயாளியாக வந்தாலே போதும். தற்கொலை ஆபத்து, வலிப்பு ஆபத்து, வீட்டில் வைத்திருக்கவே முடியாத நிலை இருந்தால் உள்ளே சேர்க்கலாம். 2017 மனநலச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும், சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல ஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். "பெற்றோர் ஒரு மாதம் பார்க்கக் கூடாது" என்று ஒரு மையம் சொன்னால் வாசலோடு திரும்பிவிடுங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அடித்துத் திருத்துவதாகப் பெருமை பேசும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மனச்சோர்வுள்ள பிள்ளையை அடித்தால் என்ன மிஞ்சும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை.

என் கணவர் தினமும் குடிப்பார். "நான் குடிச்சாலும் வேலைக்குப் போறேன்ல" என்று மகனிடம் சொல்கிறார். மகனுக்கு மட்டும் சிகிச்சை போதுமா?

போதாது, ஆனால் அவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மகனைக் கூட்டி வாருங்கள், அப்பாவை "உங்க பையனைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்" என்று நாங்கள் கூப்பிடுகிறோம். குடிக்காகக் கூப்பிட்டால் வராதவர்கள் பிள்ளைக்காக வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது.

மூன்று மாதம் சுத்தமாக இருந்தான். ஊர்த் திருவிழாவில் குடித்துவிட்டான். எல்லாம் வீணா?

இல்லை. மனச்சோர்வு மாத்திரையைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள், அடுத்த சந்திப்பையும் தவறவிடாதீர்கள். நாங்கள் அவனிடம் அன்றைய நாளை மணி வாரியாகக் கேட்போம். அப்படிக் கேட்கும்போது பல சமயம் கதை திருவிழாவில் தொடங்கியிருக்காது. இரண்டு நாள் முன்னால் உறவினர் ஒருவர் எல்லார் முன்னாலும் மார்க் கேட்டிருப்பார், அன்றிலிருந்து தூக்கம் போயிருக்கும், பழைய நண்பனுக்குப் போன் போட்டிருப்பான். "எனக்கு எதுவும் வராது" என்ற நினைப்பு எந்த இடத்தில் வந்தது, அடுத்த தடவை அங்கே என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று எழுதி வைப்போம். காலை ஆறரைக்கு நடை, மாலையில் கேரம் என்று சின்னச் சின்னதாக நாளை நிரப்புவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் மனச்சோர்வுள்ள பிள்ளைக்கு அந்த ஆறரையே மலை.

மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. முடிந்ததும் ஆரம்பிக்கலாமா?

இப்போதே ஆரம்பியுங்கள். மாத்திரை பிடிக்க ஆறு வாரம் வரை ஆகும் என்றேன். இன்று தொடங்கினால்தான் பரீட்சைக்குள் தூக்கமாவது திரும்பும். ஃப்ளுஆக்ஸிடினைப் பெரும்பாலும் காலையில் எடுக்கச் சொல்வோம், படிக்க முடியாத அளவு மயக்கம் சாதாரணமாக வராது. தேறிய பிறகும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தொடர வேண்டியிருக்கும், நடுவில் கல்லூரி அட்மிஷன் வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது பழைய சீட்டுகளையும் இப்போது எடுக்கும் மாத்திரைப் பட்டைகளையும் எடுத்து வாருங்கள், காலிப் பட்டை என்றாலும் சரி.