அருங்காட்சியகங்களில் கேன்வாஸ் என்றால் ஓவியம் மட்டும்தானா?

கேள்வி: "கேன்வாஸ் என்றால் ஓவியம் வரையும் துணி. அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும் அதற்கு வேறு பயன் ஏதாவது உண்டா?"

பெரிய நகரத்துக் கலைக்கூடத்தில் கேட்டால் ஓவியத்தைத்தான் காட்டுவார்கள். சின்ன ஊர்களில் கதையே வேறு.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஷெப்பர்ட்டன் பக்கம் ஒரு சின்ன ஊர். பேரிக்காயும் பீச்சும் விளைகிற பூமி. சனிக்கிழமைகளில் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்குத் தன்னார்வலராகப் போவேன். அலமாரியில் கிடக்கும் சாமான்களை எடுத்து, அளந்து, படம் பிடித்து, இது இன்னது என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. இந்த மாநிலத்தில் 'விக்டோரியன் கலெக்‌ஷன்ஸ்' என்று ஒரு பொது இணையதளம் உண்டு. ஊரூராக இருக்கும் அருங்காட்சியகங்கள், முன்னாள் படைவீரர் மன்றங்கள் எல்லாம் தங்களிடம் இருப்பதை அதில் பதிகின்றன. அதில் கேன்வாஸ் என்று தேடினால் ஓவியங்களுக்கு நடுவே கூடாரம், ஸ்ட்ரெச்சர், தபால் பை, குதிரையின் வாயில் கட்டும் தீவனப் பை, மடக்கு வாளி, பூட்ஸுக்கு மேல் கட்டும் காலுறை என்று வந்துகொண்டே இருக்கும்.

நமக்கும் இது புதிய துணி இல்லை. தமிழில் இதற்குக் கித்தான் என்று நல்ல பெயரே இருக்கிறது. தாத்தாவின் சாய்வு நாற்காலியில் தொங்கிய கோடு போட்ட துணி கித்தான்தான். தையற்கடைக்காரர் சட்டைக் காலருக்குள் விறைப்புக்காக வைப்பதையும் 'கேன்வாஸ்' என்றுதான் சொல்வார். தேர்தல் சமயத்தில் 'கேன்வாஸ் பண்ணுகிறார்கள்' என்கிறோமே, அதுவும் இந்தத் துணியிலிருந்து பிறந்த சொல். ஒருவரைக் கித்தான் விரிப்பில் போட்டுத் தூக்கித் தூக்கி எறிவதைக் குறித்த ஆங்கிலச் சொல், பிறகு ஒரு விஷயத்தை அலசிப் பேசுவதாகி, கடைசியில் ஓட்டுக் கேட்பதாக மாறியது. துணியின் பெயருக்கு மூலம் கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரான கன்னாபிஸ். அந்தக் குடும்பத்து நாரில்தான் முதலில் நெய்தார்கள். அப்புறம் ஆளிச்செடி நார், அதற்கும் பிறகு பருத்தி.

சரி, சாமான்களுக்கு வருகிறேன்.

சேர்ந்த புதிதில் என் கைக்கு ஒரு விநோதமான பை வந்தது. கெட்டிக் கித்தான், தோளில் மாட்ட இரண்டு பட்டை, வயிற்றுக்கு முன்னால் தொங்கும் அமைப்பு. அடிப்பக்கம் தைக்கப்படவே இல்லை, திறந்து கிடந்தது. ஓரத்தில் இரண்டு கயிறு, பக்கவாட்டில் இரண்டு கொக்கி. நான் யோசித்து யோசித்து, 'குழந்தையைச் சுமக்கும் பை, அடிப்பகுதி கிழிந்துள்ளது' என்று பதிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். இங்கேயே பழத்தோட்டம் வைத்திருந்தவர். திரையில் என் குறிப்பைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எழுந்து அதைத் தானே மாட்டிக்காட்டினார். திறந்த அடிப்பகுதியை மேலே மடித்து, கயிற்றைக் கொக்கியில் மாட்டினால் பை மூடிக்கொள்கிறது. இரண்டு கையும் காலி. ஏணியில் நின்றபடி பேரிக்காயைப் பறித்துப் பறித்து உள்ளே போடலாம். நிறைந்ததும் இறங்கி வந்து, பெட்டிக்குள் பையோடு குனிந்து, கயிற்றை அவிழ்த்து, மெல்ல நிமிர வேண்டும். பழமெல்லாம் அடிவழியாக வழுக்கிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். மேலிருந்து கொட்டினால் பழம் அடிபட்டுக் கறுக்கும். அடிபட்ட பழத்துக்கு விலை இல்லை. 'கிழிந்துள்ளது' என்று நான் எழுதியதுதான் அந்தப் பையின் மூளையே. பட்டை அழுந்திய இடம் ஒரு பக்கம் மட்டும் ஏன் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். "ஏணியை எந்தத் தோளில் தூக்குவாய்?" என்று பதிலுக்குக் கேட்டார். குறிப்பை அன்றைக்கே திருத்திவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ப் பை. இந்த ஊர்ப் பக்கத்து அருங்காட்சியகங்களில் அநேகமாக ஒன்றாவது தொங்கும். தட்டையான கித்தான் பை, மேலே பிடிக்க ஒரு கட்டை அல்லது கயிறு, ஓரத்தில் மூடி போட்ட ஒரு வாய். குளிர்பதனப் பெட்டி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பு இதை வண்டியின் அடியிலும், வராந்தா உத்தரத்திலும், கார் வந்த பிறகு காரின் முன்பக்கத்திலும் கட்டித் தொங்கவிட்டார்கள். கொளுத்தும் வெயிலில் நூறு மைல் போய் இறங்கினாலும் உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். கார் ஓட ஓடப் பையின் மேல் காற்று மோதும். துணியின் மேல் கசிந்து நிற்கும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் மண்பானை சங்கதிதான். பானையைக் காரின் மூக்கில் கட்ட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே கோடையில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும் என்பதால் நன்றாக வேலை செய்கிறது. சென்னைப் புழுக்கத்தில் பாதிக்குப் பாதிதான் பலிக்கும்.

துணிப்பையில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். ஆளிச்செடி நார் தண்ணீரைக் குடித்ததும் பருத்துவிடும். நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அதனால் முழுதாக ஒழுகாது, வேர்க்கிற மாதிரி கசியும். ஆனால் காய்ந்த பையில் நேராக ஊற்றினால் இந்த வித்தை நடக்காது. முதலில் ஊறப்போட வேண்டும். அருங்காட்சியகத்தை எல்லாருக்கும் திறந்துவிட்ட ஒரு நாளில், புதிதாக வாங்கிய மாதிரிப் பை ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஊறவைக்காமல் நிரப்பித் தூக்கிக் காட்டினேன். தண்ணீர் முழுக்க என் காலணிக்குள் போனது. பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் சிறந்த காட்சி.

பழைய தீயணைப்புக் குழாய்களும் இதே நார், இதே தத்துவம். முதல் சில நொடிகள் பீச்சிவிட்டு, பிறகு தானாக இறுகிக்கொள்ளும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். அதனால்தான் பழைய தீயணைப்பு நிலையங்களில் ஒரு உயரமான கோபுரம் நிற்கும். மணிக்கூண்டு என்று நினைத்திருந்தேன். குழாயை நீளமாகத் தொங்கவிட்டுக் காயப்போடும் கொடியாம் அது!

கோதுமை, ஓட்ஸ் அறுத்துக் கட்டும் பழைய இயந்திரங்களிலும் கித்தான் உண்டு. மரச்சட்டம் தைத்த அகலப் பட்டை ஒன்று சுழன்றபடி, அறுத்த தாளைக் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும். இரவுப் பனியில் நனைந்தால் இறுகிச் சட்டம் முறியும் என்று விவசாயிகள் சாயங்காலம் பட்டையைத் தளர்த்திவிடுவார்கள். இயந்திரத்தின் இரும்பு அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும். பட்டை அதற்கு முன்பே எலிக்கு இரையாகியிருக்கும்.

கடலோரம் போனால் வார்னம்பூலில் ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல் பாய் தைப்பவர்கள் உள்ளங்கையில் மாட்டும் தோல் பட்டை, முக்கோண முனை கொண்ட ஊசி போன்றவற்றை அங்கே பார்க்கலாம். கெட்டிக் கித்தானுக்குள் ஊசியை விரலால் தள்ள முடியாது, உள்ளங்கையால்தான் தள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கடற்கரை மீட்புச் சாமான்களில் என்னை நிறுத்திவைத்தது, ஒரு மிதவை வளையத்தோடு தைத்த கித்தான் அரைக்கால் சட்டை. கப்பல் பாறையில் மாட்டிக்கொண்டால் கரையிலிருந்து ராக்கெட்டில் கயிறு விடுவார்கள். அதன் வழியே பெரிய வடத்தைக் கட்டி, இந்தச் சட்டையை அதில் ஓடவிட்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கரைக்கு இழுப்பார்கள். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது நிற்கும் கரை சாதாரணக் கரை இல்லை. 1878 ஜூன் 1 அன்று லாக் ஆர்ட் என்ற கப்பல் இந்தப் பக்கத்துப் பாறையில் மோதியது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். ராக்கெட்டால் பயன் இருக்க வேண்டுமானால் முதலில் கரையில் யாராவது பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

படைவீரர் மன்றங்களில் கிட்பேக், அதாவது வீரர்கள் தங்கள் சாமான்களைப் போட்டுச் சுமந்த கித்தான் பை, குவிந்து கிடக்கும். பெயரும் எண்ணும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். முதல் உலகப்போர்க் காலத்து எண் என்றால், தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் பணிப்பதிவில் அந்த ஆள் எங்கே சேர்ந்தார், எங்கே காயம்பட்டார் என்பது வரை பார்த்துவிடலாம். பழைய மனநல மருத்துவமனைச் சேகரிப்புகளில் கித்தான் கட்டுச்சட்டை இருக்கும். கையைவிட நீண்ட கைப்பகுதி, பின்னால் கொண்டுபோய்க் கட்டுவதற்கு. அதைத் தொட்டு அளக்கச் சொன்னால் எனக்குக் கை வராது.

ஓவியத்தை மறந்துவிடவில்லை. பல்லாரட் கலைக்கூடம் 1884-ல் தொடங்கியது, ஆஸ்திரேலியாவின் ஊர்ப்புறக் கலைக்கூடங்களில் மூத்தது. அங்கே யூஜின் வான் கெரார்ட் வரைந்த, 1853-54 கோடையில் பல்லாரட் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. 1851-ல் அங்கே தங்கம் கிடைத்து உலகமே ஓடி வந்ததே, அந்தக் கூட்டத்தில் இவரும் தங்கம் தோண்ட வந்தவர்தான். தங்கத்தால் பணக்காரர் ஆகவில்லை. ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து, ஐரோப்பா திரும்பிய பிறகு, பழைய குறிப்பேட்டுச் சித்திரங்களை வைத்து 1884-ல் இதை வரைந்தார். படத்தில் ஊரே கூடாரம். வீடும் கடையும் கித்தான். கித்தான் ஊரை ஒருவர் கித்தான் மேல் வரைந்து வைத்திருக்கிறார். வரைந்தது நிலைத்துவிட்டது. அந்தக் கூடாரங்களில் ஒன்றைக்கூட நான் இதுவரை எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. எப்படி மிஞ்சும்? கூடாரம் பழசானால் மூட்டையாகும், மூட்டை கிழிந்தால் கதவிடுக்கை அடைக்கும் கந்தலாகும்.

ஓவியத்திலும் எனக்குப் பின்பக்கம் பார்க்கத்தான் ஆசை. கலைக்கூடத்தில் தெரிந்தவர் இருந்தால் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். துணி விற்ற லண்டன் கடையின் முத்திரை சில சமயம் அங்கே இருக்கும். கடை எந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்பதை வைத்தே படத்தின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

விக்டோரியாவுக்கு வெளியே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரு மணல் பாலைவனத்துப் பூர்வகுடி மக்கள், இது எங்கள் நிலம் என்று வழக்குப் போட்டார்கள். பத்திரம் கிடையாது. முதியவர்களுக்கு அரசின் ஆங்கிலமும் சட்ட மொழியும் கைகொடுக்கவில்லை. 1997-ல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கூடி, ஏறத்தாழ 8-க்கு 10 மீட்டர் அளவில் ஒரே கித்தானில் தங்கள் நீர்ச்சுனைகளையும் நிலத்தையும் வரைந்தார்கள். 'ங்குரரா' ஓவியம் என்று பெயர். பிர்னினி என்ற இடத்தில் தீர்ப்பாயத்தார் வந்தபோது அதைத் தரையில் விரித்து, ஒவ்வொருவரும் தன் சுனையின் மேல் போய் நின்று, தன் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007-ல் அவர்கள் உரிமை அங்கீகரிக்கப்பட்டது. கலைக்கூடத்தில் ஓவியத்துக்கு ஒரு அடி முன்னால் போனாலே காவலர் இருமுவார். அந்த ஓவியத்தின் மேல் ஏறி நிற்பதுதான் அதன் பயன்.

கடைசியாக, வீட்டில் பழைய கித்தான் பையோ கூடாரமோ வைத்திருப்பவர்களுக்கு: தயவுசெய்து துவைக்காதீர்கள். தேய்ந்த இடம், எண்ணெய்க்கறை, மை எழுத்து, எல்லாமே தகவல். நான் ஒரு பையை ஈரத்துணியால் லேசாகத் துடைத்ததற்கே பாதிப் பெயர் போய்விட்டது. மீதி 'ஸன்' என்று முடிகிறது. இந்த ஊரில் பாதிப் பேர் பெயர் அப்படித்தான் முடியும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். உலோக வளையம் துருப்பிடித்தால் சுற்றியுள்ள துணியையும் அரித்துவிடும்; இடையில் அமிலமில்லாத தாளை வையுங்கள். பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நாங்கள் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் மூடி, இரண்டு வாரம் உறைபெட்டியில் வைப்போம். எங்கள் சங்கத்து உறைபெட்டியில் இப்போது ஐஸ்கிரீமுக்கு அடியில் ஒரு தபால் பை இருக்கிறது.