பாதியில் நின்ற வீட்டு வேலை: புகாருக்கு முன் அளவெடுங்கள்

கேள்வி: சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் புதுப்பிக்க ஒரு மேஸ்திரியிடம் மெட்டீரியலோடு 4,80,000 ரூபாய்க்குப் பேசினோம். பத்திரம் எதுவும் எழுதவில்லை; கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இதுவரை 3,60,000 கொடுத்தாயிற்று. அதில் 90,000 ரொக்கம், மீதி ஜிபே. ஜிபேயிலும் பாதி அவர் மனைவியின் எண்ணுக்குப் போனது. ஒரு குளியலறையை மட்டும் முடித்தார். மற்றதை உடைத்துப்போட்டு, கொஞ்சம் பூச்சு வேலை செய்துவிட்டுப் போனவர், இரண்டரை மாதமாக வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. அவரை அறிமுகப்படுத்தியவர், "25,000 கொடுங்கள், ஸ்டேஷனில் பேசி வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? பணம் திரும்ப வருமா?
(வாசகி, திருச்சி)

பதில்: அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வர வேண்டிய பணத்தை வசூலிக்க, கையில் இருக்கிற பணத்தையும் இழக்க வேண்டியதில்லை. உங்கள் பணத்துக்கு வழி இருக்கிறது. அது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஆனால் அங்கே போவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலான வழக்குகள் பலவீனமாவது அந்த வேலையைச் செய்யாததால்தான்.

சமையலறை இல்லாமல் இரண்டரை மாதம் ஓட்டுவது கஷ்டம். அதனால் அவசரப்பட்டு வேறொரு ஆளைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். பிறகு புகார் கொடுக்கும்போது, பழைய மேஸ்திரி எவ்வளவு செய்தார், புதியவர் எவ்வளவு செய்தார் என்று பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. "நான் முக்கால்வாசி முடித்துக் கொடுத்தேன்" என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், நீங்கள் தடுமாறுவீர்கள். ஆகவே, புது ஆள் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன் அளவெடுத்துப் பதிவு செய்யுங்கள்.

பதிவு என்றால் நான்கு போட்டோ அல்ல. பதிவு பெற்ற ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்து, கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று எழுதச் சொல்லுங்கள். பூச்சும் டைல்ஸும் சதுர அடியில், கட்டு வேலை கன அடியில், கிரானைட் மேடை ஓடும் அடியில் (அதாவது நீளக் கணக்கில்), குழாய்ப் பாயிண்டும் மின் பாயிண்டும் எண்ணிக்கையில் வரட்டும். சுவரில் டேப்பைப் பிடித்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். செய்ததில் உள்ள குறையையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்: டைல்ஸைத் தட்டினால் வெற்றொலி கேட்கிறதா, குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடாமல் தேங்குகிறதா, டைல்ஸுக்குக் கீழே வாட்டர் புரூஃபிங் போட்டாரா. கடைசியில், மீதியை முடிக்க இன்றைய விலையில் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு வேண்டும். இன்ஜினீயர் இதே விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகவும் கையெழுத்திட்டுத் தருவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத வெறும் அறிக்கையை எதிர்த்தரப்பு எளிதாகத் தாக்கும்.

இனிக் கணக்கு. கொடுத்த 3,60,000 முழுவதையும் திருப்பிக் கேட்டால் அது கிடைக்காது. ஒரு குளியலறை முடிந்திருக்கிறதே. இன்னும் சிலர், கூடுதலாகக் கொடுத்ததையும் புது ஆளுக்கு ஆகும் முழுச் செலவையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அது ஒரே இழப்பை இரண்டு முறை கேட்பது. சரியான கணக்கு இப்படி இருக்கும். மீதியை முடிக்க 3,20,000 ஆகும் என்று இன்ஜினீயர் எழுதுகிறார் என்று வையுங்கள். மேஸ்திரி ஒழுங்காக முடித்திருந்தால் நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டியிருந்தது 1,20,000 மட்டுமே. ஆக உங்கள் இழப்பு 2,00,000. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தருவது இந்த வித்தியாசத்தைத்தான். இதன் மேல் இன்ஜினீயர் கட்டணம், வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதினால் உண்மையான 2 லட்சத்தின் மீதும் சந்தேகம் விழும்.

பத்திரம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப் கொட்டேஷனும், அதற்கு நீங்கள் "சரி" என்று அனுப்பியதும், பிறகு போன பணமும் சேர்ந்தால் ஒப்பந்தம்தான். மனைவியின் எண்ணுக்கு அனுப்பச் சொன்ன செய்தி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு வரி, அந்தப் பணத்தை மேஸ்திரியின் கணக்கில் சேர்த்துவிடும். உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, போன் எண் தெரிய வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த 90,000க்கு, அந்தந்தத் தேதியில் வங்கியிலிருந்து எடுத்த பதிவு உதவும். இன்றே அவருக்கு ஒரு செய்தியும் அனுப்புங்கள்: தேதிவாரியாகக் கொடுத்த தொகை, மொத்தம் 3,60,000, பாக்கி வேலைகளின் பட்டியல். "வந்து முடிச்சுக் குடுக்கிறேன்மா" என்று பதில் வந்தாலே தொகையை அவர் மறுக்கவில்லை என்று காட்டலாம். திட்டி எழுதாதீர்கள். அந்தத் திரையையும் ஆணையம் படிக்கும்.

அடுத்தது நோட்டீஸ். நுகர்வோர் புகாருக்கு இது கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். கணக்கை வரிவரியாகச் சொல்லி, 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும், நீங்களே எழுதலாம். இதில் முக்கியம் முகவரி. "பெற மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திரும்பினால் அது சேர்ந்ததாகவே கருதப்படும். "முகவரியில் இல்லை" என்று திரும்பினால் எதுவும் நகராது. ஆணையத்தின் நோட்டீஸும் அதே முகவரிக்குப் போய் அதே போலத் திரும்பும், வாய்தா மேல் வாய்தா ஓடும். அறிமுகப்படுத்தியவரிடம் கேட்க வேண்டியது இந்த முகவரியைத்தான், பஞ்சாயத்தை அல்ல. மேஸ்திரி டைல்ஸ் வாங்கிய கடை, முன்பு வேலை செய்த வீடு என்று விசாரித்து, குடியிருக்கும் முகவரியையும் சொந்த ஊர் முகவரியையும் பிடியுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, ஆகவே உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. கெடு இரண்டு வருடம். வேலை நின்ற நாளிலிருந்து எண்ணுங்கள். "அடுத்த மாசம் வர்றேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளும் என்று நம்பாதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலர் குழம்புவது இதில்தான், அதனால் நிதானமாகப் பாருங்கள். நீங்களே சிமென்ட், மணல், டைல்ஸ் எல்லாம் வாங்கிப்போட்டு, ஆளுக்கு நாள் சம்பளம் கொடுத்து, "இன்று இந்தச் சுவர், நாளை அந்தச் சுவர்" என்று நீங்களே நின்று வேலை வாங்கினால், அவர் உங்கள் கீழ் வேலை செய்த கூலியாள். அந்த உறவைச் சட்டம் 'சேவை' என்ற சொல்லுக்குள் சேர்ப்பதில்லை, நுகர்வோர் ஆணையம் ஏற்காது. மெட்டீரியல் உங்களுடையது என்பதால் மட்டும் இப்படி ஆகிவிடாது. சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று லேபர் காண்ட்ராக்ட் பேசி, எத்தனை ஆள் வைப்பது, எப்படிச் செய்வது என்பதை மேஸ்திரியே முடிவு செய்திருந்தால் அது சேவைதான். அதேபோல, மெட்டீரியலோடு பேசிய ஒப்பந்தத்துக்கு நடுவே ஒரு வாரம் மட்டும் இரண்டு ஆளுக்கு நீங்கள் நாள் கூலி கொடுத்திருந்தாலும் மொத்த ஒப்பந்தம் மாறிவிடாது. அந்த ஒரு வாரத்துக் கூலியைக் கணக்கில் தனியாகக் காட்டினால் போதும். வேலையை யார் நடத்தியது, விலை வேலைக்கா நாளுக்கா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது மொத்தத் தொகை பேசிய, மெட்டீரியலோடு சேர்ந்த ஒப்பந்தம், சந்தேகமே இல்லை. எதிர்த்தரப்பு "அவர்கள்தான் கூட நின்று வேலை வாங்கினார்கள்" என்று எழுதலாம். கொட்டேஷனின் மொத்தத் தொகையே அதற்குப் பதில். உண்மையிலேயே தினக்கூலி என்றால் சிவில் நீதிமன்றம்தான். அங்கே கெடு மூன்று வருடம்.

இனி அந்த 25,000 கேட்பவருக்கு வருவோம். ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வரும் மோசடி. பாதி வேலை செய்துவிட்டு நின்றவர் மீது அது எளிதில் நிற்காது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம், அதற்குக் காசு தேவையில்லை. இடைத்தரகர் செய்வது வேறு. மேஸ்திரியிடம் 50,000 பேசி, அதை உங்களிடம் 30,000 என்று கொடுத்து, "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்ற தாளில் உங்கள் கையெழுத்தை வாங்குகிறார்கள். அந்தத் தாள் நாளை ஆணையத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும். பகுதித் தொகை வந்தால் "பகுதித் தொகை மட்டும், மீதி உரிமை தொடரும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். நுகர்வோர் சங்கம், மனித உரிமை அமைப்பு என்று லெட்டர்பேடு வைத்துக்கொண்டு வசூலில் சதவீதம் கேட்பவர்களையும் வாசலோடு அனுப்புங்கள். வக்கீலே ஆனாலும் வெற்றியில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. பேசித் தீர்க்க வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. கட்டணமில்லை. வழக்குக்கு முன்பே மனு ஏற்று, இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) ஆகும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

மேஸ்திரி விட்டுப்போன டிரில், கலவைச் சட்டி எதையும் பிணையாக வைத்துக்கொள்ளாதீர்கள். பட்டியலிட்டு, படமெடுத்து, "வந்து எடுத்துச் செல்லலாம்" என்று செய்தி அனுப்புங்கள். இல்லையென்றால் திருட்டுப் புகார் உங்கள் மேல் திரும்பும்.

புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். அதன்மேல் 15 நாள்தான் நீட்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் மாதம் உறுதிப்படுத்தியது. நடைமுறையில் உறுப்பினர் இடம் காலியாகக் கிடப்பதும் வாய்தா தாராளமாகக் கொடுக்கப்படுவதும் அந்த மூன்று மாதத்தை வருடங்களாக்குகின்றன. சமையலறை இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு இது அநியாயம். காரணத்தை எழுதாமல் வாய்தா தரக்கூடாது என்று அதே சட்டம் சொல்வதைக் கேட்பவர் குறைவு. 46ஆம் நாள் வந்ததும், "பதில் தரும் உரிமை முடிந்தது" என்று நீங்களே மெமோ போடுங்கள். அளவெடுத்து முடிந்த பிறகு வீட்டு வேலையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. பில்களைச் சேர்த்துக்கொண்டே முடித்துவிடுங்கள்.

உத்தரவு வந்த பின்னும் மேஸ்திரி கொடுக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் ஜப்தி மனு, 72ஆம் பிரிவில் தண்டனை மனு. பின்னதில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கைத்தொழிலாளியின் கருவிகளை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் அனுமதிக்காது. எனவே கண் வைக்க வேண்டியது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கும் வண்டியும். அவர் எண்ணுக்கே நேராகப் போன ஜிபே ரசீதுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்த வங்கியில் கணக்கு என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தேடத் தொடங்க வேண்டியிருக்கும்.