புல்லாங்குழல் வாசிப்பவருக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: என் அண்ணன் மகள் வெஸ்டர்ன் ஃப்ளூட்டில் கிரேடு 5 முடித்திருக்கிறாள். பிறந்தநாளுக்கு ஷீட் மியூசிக் புத்தகம் வாங்கித் தர ஆசை. எனக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. கடையில் வயலின் புத்தகங்கள்தான் நிறைய இருக்கின்றன. அதுவே போதுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். வயலினின் அடித் தந்தி, பியானோவின் நடு சி-க்கு 5 அரைச்சுரம் கீழே உள்ள ஜி வரை இறங்கும். ஃப்ளூட் நடு சி-யோடு நின்றுவிடும். நீளமான அடிப்பகுதி உள்ள குழலில் அதற்கும் ஒரு அரைச்சுரம் கீழே பி கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கும் இடங்களையும் குழலில் வாசிக்க வழியில்லை. கிளாரினெட் புத்தகம் இன்னும் சிக்கல். அது பி ஃபிளாட் வாத்தியத்துக்கு, அதாவது தாளில் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும் வாத்தியத்துக்கு எழுதப்படுவது. அதைப் பார்த்து ஃப்ளூட் வாசித்தால், கூட வாசிக்கும் பியானோவைவிட ஒரு முழுச்சுரம் மேலே போய்விடும். அட்டையில் 'ஃப்ளூட்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நொட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்றை எண்ண முடியும். ஐந்து கோடுகளுக்கு மேலே, சுரத்தைத் தாங்கிக் குட்டிக் கோடுகள் இருக்கும். ஆரம்ப நிலை மாணவருக்கு 2 குட்டிக் கோடுகளைத் தாண்டாத புத்தகம் நல்லது. கிரேடு 5 முடித்தவர் 4 கோடுகள் வரை போகலாம். பக்கத்துக்குப் பக்கம் அதற்கும் மேலே போனால் இப்போதைக்கு வேண்டாம். அந்த உயரத்தில் உதடும் மூச்சும் சீக்கிரம் களைத்துவிடும்.

பெயர் பெற்ற படைப்பு என்பதற்காக மட்டும் வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. இசையமைப்பாளர் பாக்கின் ஏ மைனர் பார்ட்டிட்டா (பல பகுதிகள் கொண்ட படைப்பு; பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1013) துணை வாத்தியம் இல்லாத தனிக்குழலுக்கானது, அற்புதமானது. ஆனால் அதன் முதல் பகுதியைத் திறந்து பாருங்கள்: வரிக்கு வரி ஒரே வேகச் சுரங்கள், மூச்சு வாங்க இடைவெளியே கிடையாது. எங்கே மூச்சு எடுப்பது என்று வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். கடைசிச் சுரமோ குழலின் உச்சிக்குப் பக்கத்தில். கிரேடு 5-இல் இருப்பவருக்கு இது மலைப்பைத்தான் தரும். அதற்குப் பதில் இசையமைப்பாளர் டெலிமானின் 12 ஃபேன்டசிகளை வாங்கலாம். அதுவும் தனிக்குழல்தான், ஒவ்வொன்றும் சில நிமிடமே, எளிதான பகுதிகளை இப்போதே எடுத்து, மற்றதை வளர வளர வாசிக்கலாம். எங்கள் ஓட்டு இதற்கே.

பியானோ துணையோடு வரும் புத்தகமென்றால், உள்ளே ஃப்ளூட்டுக்கான தனித் தாள்கள் செருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய புத்தகக் கடைகளில் அந்தத் தாள்கள் காணாமல் போயிருக்கும். பியானோக்காரரின் பிரதி மட்டும் மிஞ்சும். தடித்த, ஒட்டிய முதுகுள்ள புத்தகம் மியூசிக் ஸ்டாண்டில் தானே மூடிக்கொள்ளும். இரண்டு கைகளும் குழலில் இருக்கும்போது யார் பிடிப்பது? ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகம் படிந்து நிற்கும்.

வாங்குமுன் அவளுடைய ஆசிரியரிடம் ஒரு வார்த்தை: எந்தப் புத்தகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அடுத்த தேர்வுக்கு எது வேண்டும். தேர்வுப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், பழைய பட்டியலை நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி: கர்னாடக சங்கீதப் புல்லாங்குழல் கற்கும் நண்பருக்கு? அவருடைய குழல் எத்தனை கட்டை (சுருதி) என்று தெரியாது.
- வாசகர், திருச்சி

பதில்: கட்டை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நம் ஸ்வரக் குறிப்பு எந்தக் கட்டைக் குழலுக்கும் பொருந்தும். ஸ்வரத்துக்குக் கீழேயே சாகித்யமும் அச்சிட்ட புத்தகமாக எடுங்கள். சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் துத்துகாரம் (நாக்கால் காற்றைத் தட்டி ஸ்வரத்தைத் தொடங்குவது) எங்கே போடுவது என்று புரியும். ஸ்வரம் மட்டும் இருந்தால் பாட்டு துண்டு துண்டாக ஒலிக்கும். மேல், கீழ் ஸ்தாயிப் புள்ளிகள் மங்கலாக அச்சாகியிருந்தால் அந்தப் பிரதியை வைத்துவிடுங்கள். இந்துஸ்தானி பான்சுரிப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்துவிட வேண்டாம்: அதில் ஸ்வரத்தின் அடியில் கோடிட்டால் கோமள (தாழ்த்திய) ஸ்வரம். நம் புத்தகங்களில் ஸ்வரத்துக்கு மேலே வரும் கோடு காலத்தை (வேகத்தை) குறிப்பது.