தூசுக்குள் ஒளிந்திருக்கும் கருந்துளை எக்ஸ் கதிரில் மாட்டுவது எப்படி?

அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும் விண்மீன் மண்டலங்களின் நடுவே கருந்துளை ஒளிந்திருப்பதை எக்ஸ் கதிரில் எப்படிப் பிடிக்கிறார்கள், எக்ஸ் கதிரும் மறைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மறையும். ஆனால் எல்லா எக்ஸ் கதிரும் ஒரே மாதிரி மறைவதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மொத்த வேலையும் நடக்கிறது.

1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் வானத்தைத் துழாவியபோது இந்த வகை மண்டலங்கள் ஏராளமாக அகப்பட்டன. ஆர்ப் 220 இவற்றில் பிரபலம். லட்சம் கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட ஒளி, அதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. மிகப் பிரகாசமானவை அநேகமாக இரண்டு மண்டலங்கள் மோதிக் கலப்பவை. மோதலில் வாயுவும் தூசும் நடுவில் வந்து குவிகின்றன. உள்ளே பிறக்கும் ஒளியைத் தூசு விழுங்கி, சூடேறி, அகச்சிவப்பாக உமிழ்கிறது. சுவரைத் தொட்டால் அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது என்று தெரியும், எரிவது விறகா கேஸா என்று தெரியாதே, அந்த நிலைமைதான். புது விண்மீன்கள் கும்பலாகப் பிறந்தாலும் இந்தச் சூடு வரும், கருந்துளை வாயுவை விழுங்கினாலும் வரும்.

வாயுவை விழுங்கும் கருந்துளையின் பக்கமிருந்து வரும் எக்ஸ் கதிர்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும் துப்பு. அந்தக் கதிரைத் தடுப்பதில் தூசைவிட வாயுவுக்குத்தான் பெரிய பங்கு. சில கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மென்கதிர்கள் சுலபமாக நின்றுவிடும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட வன்கதிர்கள் ஓரளவு துளைத்து வந்துவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் என்ஜிசி 6240 என்ற விண்மீன் மண்டலம். சுமார் 40 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இதன் எக்ஸ் கதிர் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற வரைபடத்தைப் பார்த்தால், முதலில் சூடான வாயுவின் மென்கதிர் மேடு. அப்புறம் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூரான முள். அது இரும்பின் கோடு: மறைவில் உள்ள மூலத்தின் கதிர் பட்டு, சுற்றியுள்ள குளிர்ந்த வாயுவில் இருக்கும் இரும்பு அணுக்கள் திருப்பி உமிழ்வது. நேரடி வெளிச்சம் அடைபட்டுக் கிடப்பதால் இந்த எதிரொளி எடுப்பாகத் தெரிகிறது. கோடு 6.7-ல் இருந்தால் கதை வேறு. அது பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயுவின் இரும்பு. விண்மீன் வெடிப்புகளாலும் வரலாம்.

10-க்கு மேல் போனதும் நிறமாலை மறுபடி எழும்புகிறது. அது வாயுத் திரையைத் துளைத்து வந்த நேரடிக் கதிர். இத்தாலி-நெதர்லாந்து செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ் இதைக் காட்டியது. 2002-ல் சந்திரா தொலைநோக்கியின் கூர்மையான படம் இன்னொரு அதிர்ச்சி தந்தது: உள்ளே இருப்பது ஒன்றல்ல, சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு கருந்துளைகள்!

வன்கதிரைக் குவிப்பது லேசான காரியமில்லை. கண்ணாடியில் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிற கோணத்தில் பட்டால்தான் அது திரும்பும். அதனால் 2012-ல் ஏவப்பட்ட நுஸ்டார் என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி, சுருட்டி மடித்த 10 மீட்டர் தண்டை விண்வெளியில் நீட்டி, ஒரு முனையில் கண்ணாடிகளையும் மறுமுனையில் உணர்விகளையும் வைத்துக்கொண்டது. 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும்.

சரி, நுஸ்டார் வந்ததும் எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. கதிர் வரும் பாதையில் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்கில் 1-க்குப் பின் 24 பூஜ்யம் என்ற அளவையும் பலமடங்கு தாண்டி அணுக்கள் குவிந்தால் வன்கதிரும் தப்பாது. ஆர்ப் 220 நுஸ்டாருக்கும் பிடி கொடுக்கவில்லை. மார்க்கேரியன் 231 என்ற இன்னொரு மண்டலம் இன்னும் வேடிக்கை. அதில் கருந்துளை இருப்பது ஏற்கெனவே தெரியும், எக்ஸ் கதிர் மட்டும் மிகக் குறைவு. தடித்த திரைதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். நுஸ்டார் பார்த்தபோது திரை அவ்வளவு தடிமனாக இல்லை, கருந்துளை உமிழும் எக்ஸ் கதிரே சோனி என்று தெரிந்தது. எனவே "அகச்சிவப்பு அதிகம், எக்ஸ் கதிர் குறைவு, அப்போ உள்ளே ஒளிந்த கருந்துளை" என்று யாராவது ஒரே மூச்சில் சொன்னால், இரும்புக் கோடு எங்கே, 10-க்கு மேல் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.