ஒரு கண்டெய்னருக்குச் சுங்க வரி எவ்வளவு?

கேள்வி: "சேலத்தில் இருக்கிறேன். சீனாவிலிருந்து 20 அடி கண்டெய்னர் ஒன்றில் இயந்திரங்கள் இறக்குமதி செய்ய நினைக்கிறேன். ஒரு கண்டெய்னருக்குச் சுங்க வரி எவ்வளவு ஆகும்?"

முதல்முறை சரக்கு எடுத்தபோது சுங்க வேலைகளை முடித்துத் தரும் சென்னை கிளியரிங் ஏஜென்ட்டிடம் நானும் இதையேதான் கேட்டேன். "பெட்டிக்கு ஏது சார் டியூட்டி? உள்ள என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

பெட்டி உங்களுடையது அல்ல. கப்பல் கம்பெனி அதில் சரக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காலிப்பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குள் திரும்ப வெளிநாடு போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு பெட்டிக்கு வரிவிலக்கு இருக்கிறது. ஏற்காட்டில் தங்கும் அறை போடுவதற்காகப் பெட்டியையே விலைக்கு வாங்கி இறக்கினால்தான் அதற்கும் வரி வரும். உங்களுக்கு அது இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி போடுவார்கள்.

என் மச்சானுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம். நாங்கள் இருவரும் சேர்ந்து காபி வறுக்கும் இயந்திரம், பொட்டலம் போடும் இயந்திரம், அப்புறம் கடைக்குக் கொஞ்சம் நாற்காலி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தோம். சுங்க வரிப் பட்டியலில் வறுக்கும் இயந்திரம் 8419 என்ற தலைப்பில் வரும், பொட்டலம் போடுவது 8422, நாற்காலி 9401. ஒரே பெட்டி, மூன்று கணக்கு. நாற்காலிக்கு இயந்திரத்தைவிட வரி அதிகம். முன்பே தெரிந்திருந்தால் நாற்காலியைச் சேலத்திலேயே வாங்கியிருப்போம்.

பொருளை வகைப்படுத்தும் இந்த எண்ணுக்குப் பெயர் ஹெச்எஸ் கோடு. இதில்தான் கவனம் வேண்டும். முழுக் கோடு எட்டு இலக்கம், மேலே சொன்னவை முதல் நான்குதான். முதல் ஆறு இலக்கம் பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான். கடைசி இரண்டு நம் நாட்டுக்கானது. அனுப்புகிறவர் போட்ட கோடை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அனுப்பியவர் இன்வாய்ஸில் வீட்டு மின்சாதனங்களுக்கான 8516-ஐப் போட்டுவிட்டார். எங்களுடையது கேஸ் பர்னரில் ஓடும், ஒரு தடவைக்கு 15 கிலோ வறுக்கும் இயந்திரம். கேட்லாக், பர்னர் தெரிகிற போட்டோ, பெயர்ப்பலகைப் படம் எல்லாம் வரவழைத்துக் காட்டிச் சரிசெய்ய மூன்று நாள் போனது. பணம் அனுப்பும் முன்பே கேட்லாக்கை ஏஜென்ட்டுக்கு அனுப்பிக் கோடை உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தக் கோடுக்கு, அந்த நாட்டுச் சரக்குக்கு ஆன்டி டம்பிங் டியூட்டி (அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் சரக்கைத் தடுக்கப் போடும் கூடுதல் வரி) ஏதாவது இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். பொருளின் விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகைமேல்தான் வரி. பொருள் 8,00,000 ரூபாய், கப்பல் கட்டணம் 91,000, இன்சூரன்ஸ் 9,000 என்று வையுங்கள். மொத்தம் 9,00,000. அடிப்படைச் சுங்க வரி 7.5% என்றால் 67,500. அந்த வரிமேல் 10% சமூக நலக் கூடுதல் வரி, 6,750. இதுவரை சேர்ந்தது 9,74,250. இதன்மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கு வரும் ஜிஎஸ்டி) 18%, அதாவது 1,75,365. ஆக நீங்கள் கட்டுவது 2,49,615 ரூபாய். 7.5 என்று கேட்டுவிட்டுப் போனவருக்குக் கடைசியில் கிட்டத்தட்ட 27.7 சதவீதம் வந்து நிற்கும்.

இதில் ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில், கழித்துக்கொள்ளலாம் என்பதால் நிஜச் செலவு 74,250தான் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எத்தனை நாளில் கழியும் என்று யாரும் சொல்வதில்லை. வறுத்த காபிக்கு ஜிஎஸ்டி 5%. வேறு கழிவே இல்லை என்று வைத்தாலும் அந்த 1,75,365 தீர, சுமார் 35 லட்சம் ரூபாய்க்குக் காபி விற்க வேண்டும். அதுவரை கைப்பணம் முடங்கிக் கிடக்கும். நீங்கள் விற்கப்போகும் பொருளுக்கு என்ன ஜிஎஸ்டி என்று பார்த்து, அதற்கேற்பப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

டாலர் கணக்கில் வங்கி விலை செல்லாது. சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விலைதான் செல்லும். வரி விகிதமும் நீங்கள் ஆர்டர் போட்ட நாளுடையது அல்ல. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம்) போட்ட நாள், சுங்கத்துறை கப்பலுக்கு உள்நுழைவு கொடுத்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அந்த நாளுடையது. பிப்ரவரி பட்ஜெட்டை ஒட்டிச் சரக்கு வருகிறது என்றால் இதை மறக்காதீர்கள்.

"இன்வாய்ஸில் எவ்வளவு போடட்டும்?" என்று அனுப்புகிறவரே கேட்பார். கொடுத்த விலையையே போடச் சொல்லுங்கள். அதே பொருள் மற்றவர்களுக்கு என்ன விலைக்கு வந்தது என்ற பதிவு சுங்கத்துறையிடம் இருக்கிறது. வேண்டுமென்றே குறைத்தது தெரிந்தால் விட்டுப்போன வரி, வட்டி, அந்த வரிக்குச் சமமான அபராதம் வரை போகும்.

எங்களைப் படுத்தியது வரி அல்ல, நாள். பெட்டிக்கு வரி இல்லாவிட்டாலும் வாடகை உண்டு. இலவச நாள் தாண்டினால் சரக்கு கிடக்கும் இடத்துக்கு டிமரேஜ், பெட்டியைத் திருப்பாததற்குக் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன். பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் போட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன்பிறகு தினம் 10,000. எங்களுக்குக் கோடு தகராறில் மூன்று நாள். அது முடிந்து பெட்டியைத் திறந்தால், ஒரு மரச்சட்டத்தில் கோதுமைக் கதிர் முத்திரை இல்லை. பூச்சி வராமல் மரத்தைப் பதப்படுத்தியதற்கு அடையாளம் அந்த முத்திரை. புகைமூட்டி வெளியே எடுக்க இன்னும் இரண்டு நாள். பெட்டியை மூடும் முன் ஒவ்வொரு மரச்சட்டத்தையும் முத்திரை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது அது வராமல் நான் மீதிப் பணம் அனுப்புவதில்லை.

இறக்குமதி செய்யத் தேவையான ஐஇசி எண் இன்னும் வாங்கவில்லை என்றால் டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுத்துவிடலாம்.

சென்னையிலிருந்து சேலம் வரை லாரி வாடகையைக் கேட்கும்போது காலிப்பெட்டியைத் திருப்பி விடுவதும் சேர்த்தா என்று கேளுங்கள். சரக்கு மலைமேல் போக வேண்டுமென்றால் இன்னொரு வண்டி தனி. கண்டெய்னர் டிரெய்லரை ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற முடியாது. நாங்கள் கொண்டலாம்பட்டியில் ஒரு கிடங்கில் இறக்கி, பெட்டியை அன்றைக்கே அனுப்பிவிட்டு, மறுநாள் காலை சின்ன லாரியில் மேலே கொண்டுபோனோம்.

என்ன இயந்திரம், புதிதா பழையதா என்று எழுதுங்கள். பழையது என்றால் இயந்திரத்தின் நிலையையும் மதிப்பையும் சொல்லும் சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழ் தேவைப்படும். உங்கள் கோடு எது என்று சேர்ந்து பார்க்கலாம்.